இருபதுக்கு ஆறு

செனெகா ஏரிக்கரை,
பிப்ரவரி 11, செவ்வாய்

அன்பு மகள் ஷெல்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், இடது முழங்கால் நீங்கலாக. அது நலமில்லாமல் போய் மூன்று வருஷம் ஆகிறது, ஆகவே அதில் புதுச் செய்தி ஒன்றும் இல்லை. அங்கே நீயும் கேலமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், நீ போன் பண்ணி இருபத்து மூன்று நாள் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை, காலண்டரைப் பார்த்தேன், கண்ணில் பட்டதை எழுதினேன். போனிலேயே பேசலாமே என்று நீ நினைப்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்லும்போதே நீ குறுக்கே பேசிவிடுவாய், அப்புறம் மீதியைச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே பனி வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதல். கரையோரம் ஏரி உறைந்துவிட்டது, நடுவில் எப்போதும்போல உறைய மறுக்கிறது. எதிர்வீட்டு கோர்டி மாடுகளை விற்றதிலிருந்து பொழுது போகாமல் தவிக்கிறான், நம் வீட்டு வாசல் பனியையும் அவனே தள்ளிவிட்டுப் போகிறான். வேண்டாமென்றால் "நீ வழுக்கி விழுந்தா ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிட்டு ஓடுறது யாரு, நான்தானே?" என்கிறான். நியாயமான கேள்வி. அவனிடம் இன்னொரு கேள்வியும் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் கேட்பான்: "பொண்ணு கல்யாணத்துக்குக் கிளம்பலையாடா?" நான் உடனே வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பேன். இந்தக் குளிர்காலத்தில் வானிலையைப் பற்றி நான் பேசிய அளவு ரேடியோகூடப் பேசியிருக்காது.

நீ கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். போன மாதம் நீ கேட்டது இரண்டே விஷயம். மார்ச் இருபத்திரண்டு உனக்கும் கேலமுக்கும் கல்யாணம், அப்பா வர வேண்டும், வரும்போது அம்மாவின் பாட்டிலைக் கொண்டுவர வேண்டும். அதற்கு நான் முக்கால் மணி நேரம் பதில் சொன்னேன். பழைய ஒயினில் அடியில் மண்டி தங்கியிருக்கும், விமானம் குலுக்கினால் மண்டி கலங்கிவிடும், கலங்கினால் அது தெளிய ஆறு வாரம் அசையாமல் கிடக்க வேண்டும், அதனால் நீங்கள் அங்கே கல்யாணத்தை முடித்துக்கொண்டு கோடையில் இங்கே வாருங்கள், நிதானமாகத் திறக்கலாம் என்றேன். முப்பத்து நான்கு வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன், மண்டியைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்குப் பேச வரும். நீ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிப்பா, பாட்டிலைப் பத்திரமா பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. உனக்கு மனப்பாடம் ஆன கதைதான், கேலமுக்காக எழுதுகிறேன், இந்தப் பகுதியை அவனுக்கு வாசித்துக் காட்டு.

எண்பத்து மூன்றில் எனக்கும் உன் அம்மாவுக்கும் இருபத்தைந்து வயது, ஆளுக்கு ஒரு முதுகுப் பை, பிரான்சில் ரயில் ரயிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். திஜோன் ஊரில் ஒரு நாள் மழை, ஒதுங்க இடம் தேடி ஒரு சினிமாக் கொட்டகைக்குள் போனோம், டிக்கெட் வாங்கியதோடு கையில் இருந்த காசு தீர்ந்தது. படம் ஜப்பானியப் படம், சப்டைட்டில் பிரெஞ்சில். எங்களுக்கு இரண்டும் தெரியாது. உன் அம்மா மார்லீன் முடிவில் தேம்பித் தேம்பி அழுதாள், என்ன புரிந்தது என்று கேட்டேன், "ஒண்ணும் புரியல, ஆனா அந்த ஆளு திரும்பி வரமாட்டான்" என்றாள். மறுநாள் சாப்பாட்டுக்கு வழியில்லை. பக்கத்துக் கிராமத்தில் திராட்சை பறிக்க ஆள் எடுத்தார்கள், மூன்று வாரம் குனிந்த முதுகு நிமிராமல் பறித்தோம். கிளம்பும்போது தோட்டக்காரரின் மனைவி ஒதீல் தன் நிலவறையிலிருந்து லேபிள் ஒட்டாத இரண்டு பாட்டில் எடுத்துக் கொடுத்தாள். ஒன்றை லியோன் ரயில் நிலையத்தில் நடைமேடையில் உட்கார்ந்து வாய் வைத்தே குடித்தோம், குடித்த மகிழ்ச்சியில் ரயிலை விட்டோம். உன் அம்மா அன்றைக்கே "இனிமே டிக்கெட்டு பாஸ்போர்ட்டு எல்லாம் என் கையிலதான் இருக்கும்" என்று சொல்லி என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள், முப்பத்தெட்டு வருஷம், கண் மூடுகிறவரை, திருப்பித் தரவில்லை. இன்னொரு பாட்டில் ஊருக்கு வந்தது. நீ பிறந்த வாரம், இது இவள் கல்யாணத்துக்கு என்றாள். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று மளிகைக் கடைப் பழுப்புக் காகிதப் பையில் சுற்றி நிலவறையின் கடைசித் தட்டில் படுக்க வைத்தாள். அங்கேயே கிடந்தது. நானும் நாற்பது வருஷமாக வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த நடைமேடை ஒயினைப் போல ஒன்றை இதுவரை ருசித்ததில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனிமேல் வருவதை கேலமுக்கு வாசிக்காதே. நம் ஞாயிற்றுக்கிழமைப் படக் கழகம் இன்னும் நடக்கிறது. பழைய தீயணைப்பு நிலையக் கூடத்தில், மதியம் இரண்டு மணிக்கு, மாதம் ஒரு வெளிநாட்டுப் படம், பதினொரு பேர். படத்தைத் தேர்ந்தெடுப்பது நூலகர் லொரெய்ன், புரொஜெக்டர் என் பொறுப்பு. நீ ஊரைவிட்டுப் போனபின் ஒரு விதி சேர்த்தோம். ஒயின் கொண்டுவருபவர்கள் பாட்டிலைப் பழுப்புக் காகிதப் பையில் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும், விலையையும் லேபிளையும் பார்த்து யாரும் அசந்துவிடக் கூடாது என்பதற்காக. கோர்டி பையின்மேல் எண் போட்டு, பின்னால் சமையலறையில் பையோடேயே திறந்து ஊற்றிக் கொடுப்பான். படம் முடிகிறவரை ஒயினைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, சீட்டில் இருபதுக்கு மார்க் போட்டு ஒரு வரி எழுத வேண்டும். விதியை எழுதியவன் நான். மற்றவர்கள் குடிப்பதற்காகக் குடிக்கிறார்கள், எனக்கு மட்டும்தான் ருசி தெரியும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது, அதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்குப் போர்ச்சுகல் படம் என்று லொரெய்ன் சொல்லியிருந்தாள், அதற்குத் தோதாக ஒரு போர்ச்சுகல் பாட்டில் வாங்கி, பையில் போட்டு, சமையலறையில் சூடு அதிகம் என்று நிலவறைத் தட்டில் வைத்தேன். கடைசித் தட்டில். அங்கே பல்பு போய் இரண்டு வாரம் ஆகிறது, இந்த முழங்காலோடு ஏணியில் ஏறி மாற்ற முடியவில்லை. ஞாயிறு மதியம் கோர்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், இருட்டில் தடவி கைக்கு வந்த பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் பிக்கப் வண்டியில் பாட்டில் என் காலடியில் ஆறு மைல் உருண்டுகொண்டு வந்தது. விமானம் குலுக்கும் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, கோர்டியின் வண்டியில் நீ ஏறியிருக்கிறாய், நான் விளக்க வேண்டியதில்லை.

படத்தில் ஒரு கிராமத்து ஜனங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டே கால் மணி நேரம். பஸ் வரவில்லை. நான்காம் எண் கோப்பை என்னிடம் வந்தபோது உள்ளே தக்கைத் துணுக்கு மிதந்தது, நிறமும் கலங்கலாக இருந்தது. கோர்டி பால் கேனில் ஊறவைத்துப் புளிக்கவிடும் வீட்டுச் சரக்கு இதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவனுக்கு நான் எப்போதும் போடுவது ஆறு. ஒரு வாய் குடித்தேன், மிச்சத்தை, பிடிக்காததைக் கொட்டுவதற்கென்று வைத்திருக்கும் வாளியில் ஊற்றினேன். சீட்டில் எழுதினேன்: "களைத்துப்போன ஒயின். சொல்ல இதனிடம் ஒன்றும் இல்லை. ஆறு." முழுவதும் விழுங்காமலே எழுதினேன் என்று நினைக்கிறேன்.

விளக்குப் போட்டதும் லொரெய்ன் சீட்டுகளைச் சத்தமாக வாசித்தாள். நான்காம் எண்ணுக்கு அவள் பதினேழு, கோர்டி பத்தொன்பது, மற்றவர்கள் யாரும் பதினைந்துக்குக் கீழே இறங்கவில்லை, டுவைட் என்கிற நான் ஆறு. கூடம் சிரித்தது. "இது யாரோடது, கொஞ்சம் எழுந்து நில்லுங்க, கை தட்டணும்" என்றாள். யாரும் எழவில்லை. நான் கோர்டியைப் பார்த்தேன், கோர்டி என்னைப் பார்த்தான். லொரெய்ன் பையை உருவினாள். லேபிள் இல்லாத பாட்டில், அதில் ஒரு துண்டு வெள்ளை நாடா, நாடாவில் மை மங்கிய எழுத்து. அவள் வாசித்துக்கொண்டிருந்த வேகத்தில் அதையும் வாசித்துவிட்டாள்: "ஷெல்பி கல்யாணத்துக்கு. டுவைட், கை வெக்காதே."

முதலில் பேசியது கோர்டிதான், "நான் என்னடா பண்ணுவேன், பையிலதானே இருந்துச்சு. தக்கை உடைஞ்சு உள்ள விழுந்துருச்சு, காபி வடிகட்டுற பேப்பர்ல வடிகட்டித்தான் ஊத்தினேன்" என்றான், ஏதோ கொலைக் குற்றத்துக்கு வாக்குமூலம் கொடுப்பவன் மாதிரி. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். பதினொரு பேருக்குச் சரியாகப் போதுமான அளவு இருந்திருக்கிறது. வாளியில் என் பங்கு மற்ற நான்கு ஒயினோடு கலந்து கிடந்தது.

ஷெல்பி, உன் கல்யாணத்துக்கு உன் அம்மா எடுத்துவைத்த ஒன்றே ஒன்று, அதை நான் பஸ் வராத ஒரு படத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன். மன்னித்துவிடு. எப்படி இருந்தது என்று நீ கேட்டால் சொல்ல எனக்குத் தெரியாது, அதுதான் என்னை அதிகமாகக் குடைகிறது. நாற்பது வருஷம் அதன் ருசியைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன், அதுவே நாக்கில் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. லியோன் நடைமேடையில் எனக்கு நினைவிருப்பது அவள் உள்ளங்கைக் கொப்புளங்களும், ரயில் போனபின் அவள் சிரித்த சிரிப்பும்தான். ஒயின் எப்படி இருந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்காது. அதனால் மற்றவர்களின் சீட்டுகளை அங்கேயே கேட்டு வாங்கிக்கொண்டேன், பதினொன்றையும் இந்த உறையில் வைத்திருக்கிறேன், என்னுடையதும் இருக்கிறது. லொரெய்ன், மழை விட்டபின் இலைச் சருகு வாசனை, கடைசியில் செர்ரிப் பழம் என்று எழுதியிருக்கிறாள், படித்தவள். கோர்டி எழுதியது இது: "பஸ் வராட்டியும் பரவாயில்லன்னு தோணுச்சு." அவன் வாழ்நாளில் எழுதிய நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

திரும்பி வந்ததும் கோர்டியின் வண்டியில்தான். நம் வாசலில் நிறுத்திவிட்டு, "பாட்டில்தான் போச்சே, இப்ப பொண்ணுகிட்ட என்னடா சாக்கு சொல்லப் போற?" என்றான். எனக்குக் கோபம் வந்தது. முழங்கால் என்று சொல்ல வாயெடுத்தேன். "முட்டின்னு மட்டும் சொன்னே, இங்கேயே இறக்கிவிட்டு மிதிப்பேன்" என்றான். அறுபது வருஷப் பழக்கம், அவனிடம் புதிதாக ஒரு பொய் சொல்ல முடிவதில்லை.

உண்மையை எழுதிவிடுகிறேன். விமானத்தில் பாட்டிலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, எனக்குத்தான் பயம். உன் அம்மா இல்லாமல் நான் எந்த ஊருக்கும் போனதில்லை. என் கால் நீளம் என்று எனக்கு ஓரத்து இருக்கையைக் கொடுத்துவிட்டு எல்லா விமானத்திலும் அவள் நடுவில் உட்கார்ந்தாள். இப்போது அங்கே யாரோ முன்பின் தெரியாத ஆள் உட்காருவான், பதினாறு மணி நேரம். அப்புறம் அங்கே கல்யாணத்தில் பெண்ணின் பெற்றோருக்கென்று முன்வரிசையில் இரண்டு நாற்காலி போடுவார்கள். அதில் ஒன்று காலியாகக் கிடக்கும். இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, மண்டி கலங்கும் என்று சொல்வது சுலபமாக இருந்தது. நீ அதை நம்பவில்லை என்றும் எனக்குத் தெரியும். பாட்டிலைப் பார்த்துக்கொள் என்று நீ சொன்ன குரல் நாள் முழுக்க வீட்டுக்குள் என் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

ஆகவே கேள். பாஸ்போர்ட்டை உன் அம்மாவின் மேஜையில் தேடி எடுத்தேன், தேதி இன்னும் முடியவில்லை. டிக்கெட்டை லொரெய்ன் நூலகக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள், ஓரத்து இருக்கை வேண்டுமா என்று கேட்டாள், நான் நடு இருக்கை போடச் சொன்னேன், கால் மடங்கினால் மடங்கட்டும். வீட்டுச் சாவி கோர்டியிடம். நிலவறைக்குப் பல்பு மாற்றச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு ஒயின் எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், நான் மார்க் போடுவதை நிறுத்திவிட்டேன்.

நீயும் கேலமும் சண்டை போட்டால் அன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், நல்ல பொருள் எதையும் எடுத்து ஒளித்து வைக்காதீர்கள். இரண்டு பேரும் நிறைந்த ஆயுளோடு ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள், என்னைவிடச் சுருக்கமாக.

மறக்காமல் குறித்துக்கொள்: மார்ச் பதினெட்டு, செவ்வாய், காலை ஒன்பது ஐம்பதுக்கு உங்கள் ஊர் நெல்சனில் இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு நீயே வா. கேலமை அனுப்பாதே, நல்ல பையன்தான், ஆனால் முதல் முறை பார்க்கும்போதே நான் அழுவதை அவன் பார்க்க வேண்டாம்.

வெறுங்கையோடு வரும்,
உன் அப்பா
டுவைட்