கேட்கும் முகம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் சொல்லச் சொல்ல மருந்துக்கடை அம்மா எழுதுவது.

ஆற்றுப்பாலம் இடிந்து, பள்ளிக்கூடத்தை ஒரு மாதம் பூட்டி வைத்தார்களே, அந்த வருஷம்தான் நம் வீட்டுக்கு ரேடியோ வந்தது. நீ திருகிக் கெடுத்தாய். நான் ஓங்கி அறைந்தேன். உன் இடது காது அன்றோடு போனது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் மூவரும் "காய்ச்சல்ல போச்சு" என்று சாதித்தோம்.

அறுபது வருஷம் கழித்து, போன மாதம்தான் போன் திரையில் உன் முகம் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "விடுண்ணா, பழைய கதை" என்று சிரித்தாய். அன்றிலிருந்து மனசு ஒட்டவில்லை. உன் கையால் நாலு வரி எழுது.

நீ பேர் வைத்த உன் கரடி அண்ணன்

மார்ச் 19

அன்புள்ள பெரியப்பா,

அப்பாவுக்குக் கை நடுக்கம், அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைக் கேட்டுச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் திரையில் வருவார். மாத்திரையை விடாதீர்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 2

மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பார்த்தேன்.

கம்ப்யூட்டரில் மனித முகம் செய்து பேச வைப்பது உன் உத்தியோகம். "என் பொண்ணு செய்யற முகத்துக்கு மூச்சு ஒண்ணுதான்ணா குறை" என்று உன் அப்பாதான் பீற்றிக்கொள்வான். எனக்கு எழுத்துத் தெரியாது, ஆள் தெரியும்.

அது பேசும்போது குறையே இல்லை. உதடு, புருவம், ஒற்றைக் கன்னக்குழி எல்லாம் அவனேதான். நான் பேசும்போதுதான் மாட்டிக்கொண்டாய். நான் வாயைத் திறந்தால் அவன் வலது காதைத் திருப்பிக் கண்ணை இடுக்குவான். இது நேரே பார்த்து இமை கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பேசுகிற முகம் செய்திருக்கிறாய் அம்மா, கேட்கிற முகம் செய்யவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டால் என் தம்பி இடது காதைக் காட்டி, "இதுல சொல்லுண்ணா" என்றிருப்பான்.

அவன் இருக்கிறானா, இல்லையா? மழுப்பாதே.

பெரியப்பா

ஏப்ரல் 15

பெரியப்பா,

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. "அண்ணன் நெஞ்சு தாங்காது, சொல்லிடாதே" என்றார். என்னோடு அவர் பேசிய வீடியோக்களை வைத்துச் செய்தேன். நான் கம்ப்யூட்டரில் தட்டுவதை அந்த முகம் பேசும். நீங்கள் மன்னிப்பு என்று ஆரம்பித்ததும் "விடுண்ணா" என்று தட்டியது நான்தான். என்னைத் திட்டுங்கள்.

மகள்

ஏப்ரல் 28

மகளே,

ஏழு மாதம் என்றால், சந்தைத் தெரு தீப்பிடித்த வாரம். அந்தத் தீயைப் பற்றி அதனிடம் ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகத் தலையாட்டியது.

உன்னைத் திட்டவில்லை. ஆனால் நீ தட்டிய "விடுண்ணா" செல்லாது. அடி வாங்கியவன் நீ இல்லை. அதை நீயே வைத்துக்கொள்.

இனி அந்த முகத்தை அனுப்பாதே. உன் சொந்த முகத்தோடு வா. அழுது வீங்கியிருந்தாலும் பரவாயில்லை.

பொய்யை நம்பிய அப்பா முதலில் போனார். பாலத்தைத் திரும்பக் கட்டிய வருஷம் அக்கா போனாள். இப்போது இவன். ரேடியோ கெட்ட அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது, கை நீட்டிய கரடி ஒருத்தன்தான்.