ராக்கெட்டும் ரெண்டு புடவையும்

23 ஆகஸ்ட் 2023, புதன்

இன்று நிலாவில் நம் விண்கலம் இறங்கியது. கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே வியாபாரத்தை நிறுத்திவிட்டு டிவியைப் போட்டேன்.

என் சிநேகிதன் ஏகாம்பரம் தறியிலிருந்து எழுந்து நேராக இங்கே வந்துவிட்டான். டிவியைப் பார்க்க இல்லை, என்னைப் பார்க்க. இருபது வயதில் ரெண்டு பேரும் ஸ்கூட்டரில் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ராக்கெட் பார்க்கப் போனோம். பெட்ரோலுக்கு ஆகட்டும் என்று ரெண்டு புடவை எடுத்துப்போயிருந்தேன். சூலூர்பேட்டையில் ஒரு வீட்டுக்குள் பேரம் முடித்து வெளியே வந்தால் வானத்தில் புகைதான் இருந்தது. உள்ளே புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். இன்றுவரை அதையே சொல்லிக் காட்டுகிறான்.

கல்யாணப் பெண்ணின் அம்மா, "பாய், இந்த அரக்கு எவ்ளோ?" என்றார். ஏகாம்பரம் என் முகத்தையே பார்த்தான்.

"கொஞ்சம் இரும்மா, நிலா வந்துக்கினு இருக்குது" என்றேன்.

இறங்கியதும் கடையே கைதட்டியது. போன தடவை விழுந்து நொறுங்கியும் விடாமல் மறுபடி செய்து இறக்கிவிட்டார்கள். சொந்தக் காலில் நின்று கடை வைத்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

"பரவால்ல பாய், இப்பவாவது தேறிட்ட" என்றான் ஏகாம்பரம்.

அடுத்த ராக்கெட்டுக்கு நேரில் போவதாகப் பேசி முடித்தோம். கார் என்னுடையது, பெட்ரோலும் என்னுடையது. வண்டியில் ஒரு புடவைகூட இருக்கக் கூடாது.