போனில் இருந்த படங்கள்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

நேற்று கம்பெனியில் ஏணியில் ஏறும்போது என் பேன்ட் பின்னால் கிழிந்துவிட்டது. அதை மறைக்கச் சுவரோடு ஒட்டி நின்ற நேரம் பார்த்து அரசு அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். "பின்னாடி என்னய்யா ஒளிக்கிற?" என்றார் ஒருவர். திரும்பிக் காட்டினேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் கண்காணிப்பு கேமரா கம்பெனி வெளிநாட்டுக்காரனுடையதாம், நாட்டுக்கு ஆபத்தாம், சீல் வைத்தார்கள். அவர்கள் சட்டம், வைக்கட்டும். முதலாளியைத் தொட முடியாமல் எங்கள் போன்களையல்லவா பிடுங்கினார்கள்! கேமரா மாட்டிய கட்டடத்தைப் படமெடுத்து அனுப்பினால்தான் வேலை முடிந்தது என்று சூப்பர்வைசர் ஒப்புக்கொள்வான்.

"இத்தனை கட்டடத்தை எவனுக்குடா படம் புடிச்ச?" என்றார் என் போனைத் தள்ளிப் பார்த்த அதிகாரி.

படம் கேட்ட சூப்பர்வைசரோ கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து நம் மகள் படம் வந்தது. சிரித்த அதே ஆள் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"யாரு இது?"

"என் பொண்ணு சார்."

போன் இன்னும் அவர்களிடம்தான். அந்த எண்ணுக்கு அவள் படம் எதையும் அனுப்பாதே. நீ கைப்பட நாலு வரி எழுது, போதும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். "போனைக் கீழ வைடா" என்று மட்டும் அவள் படத்தைப் பெரிதாக்கியவனிடம் நான் சொல்லவில்லை.