சரசுவைத் துரத்திய சுவரொட்டி

என் பிரியமான அக்காவுக்கு, நீங்கள் காலமாகி ஆறு மாதம் கழித்துத் தங்கை எழுதுவது.

எந்தச் சொல் மக்கள் காதில் ஏறும் என்று அரசாங்கத்துக்காக ஆராய்ந்தீர்கள். கிராமத்துச் செவிலியர்களுக்கு அதையே பாடமாகவும் நடத்தினீர்கள். ஆனால் எந்தச் சுவரொட்டியும் அச்சுக்குப் போகும் முன் என் சமையலறைக்குத்தான் வரும். பள்ளிக்கூடம் போகாமல், பூசைப் புத்தகத்தை எழுத்துக் கூட்டியே படிக்கக் கற்றவள் நான். "உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும் கண்ணு" என்பீர்கள்.

எய்ட்ஸ் சுவரொட்டியையும் அப்படித்தான் விரித்தீர்கள். கறுப்புத் தாளில் ஒரு மண்டை ஓடு.

"என்ன தோணுது அம்மணி?"

"பயமா இருக்குதுங்க்கா."

மகிழ்ந்து குறித்துக்கொண்டீர்கள். யாரைப் பார்த்துப் பயம் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எங்கள் குழாயடிச் சுவரிலும் அதை ஒட்டினார்கள்.

எதிர்வீட்டுச் சரசு நினைவிருக்கிறதா? கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிய அவள் புருஷன் அந்த நோயில்தான் போனான். அவளுக்கும் இருக்கும் என்று தெருவே முடிவு கட்டியது. நீங்கள் போன மறுமாதம் பக்கத்து வீட்டு ராஜாமணி அவளைக் குழாயடியில் மறித்தாள்.

"ஏனுங்க சரசு, கொடத்த எடுத்துட்டு அந்தப்பக்கம் போங்க. நாங்க குடிக்கற தண்ணிங்க."

"தண்ணில பரவும்னு எங்கீங்க எழுதியிருக்குது?"

"மண்ட ஓட்டையே போட்டிருக்கறாங்க, அப்புறம் எழுத்து வேற வேணுமாக்கும்?"

பரவாது என்று நீங்கள் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். ஆனாலும் வாய் திறக்காமல் என் குடத்தைத் தள்ளி வைத்தேன். சரசு அதைப் பார்த்தாள்.

அதற்குமேல் இந்தத் தெருவில் இருக்க முடியாமல், பல்லடத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே மாட்டுக் கொட்டகையில்தான் இடம் கொடுத்தார்களாம். காய்ச்சலில் கிடந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட யாரும் கிட்டே போகவில்லையாம். போன வாரம் செத்துப்போனாள்.

முருகன் முன் கண்ணை மூடினால் அவள் பார்வைதான் நிற்கிறது. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் அக்கா?

நீங்கள் பாடம் நடத்திய செவிலியர் பயிற்சி நிலையத்தில் அந்தச் சுவரொட்டியை இன்னும் உங்கள் சாதனை என்று மாட்டி வைத்திருக்கிறார்கள். வரும் வியாழக்கிழமை அங்கே உங்கள் நினைவுக் கூட்டம். "அக்காவோட பெருமையச் சொல்லுங்கம்மா" என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

பெருமையைச் சொல்வேன். சரசுவையும் சொல்வேன். பாதிப் பிழை உங்களுடையது, பாதி என்னுடையது என்று அங்கே படிக்கும் பிள்ளைகள் முன் சொல்லிவிட்டு, அந்தத் தாளைக் கழற்றாமல் வீடு திரும்ப மாட்டேன். உங்கள் பேருக்குக் குறை வரும், தெரியும். கோபமென்றால் கனவில் வந்து திட்டுங்கள்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
பழனியம்மாள்