வழிக்கு ஒரு டம்ளர்

14-10-2025, செவ்வாய்

என்ஜினில் ஆயில் அளவு பார்க்கிற கம்பி காய்ந்து போய் வந்தது. துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில்கூட ஈரம் இல்லை. போன வெள்ளிக்கிழமைதானே மேல்கோடு வரைக்கும் ஊற்றினேன்? ஐயோ, அம்புட்டும் எங்கே போச்சு?

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அப்படியென்றால் குடித்திருக்கிறது. இந்த அம்பாசடரின் மீட்டர் முழுச் சுற்று சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்ததை மூன்று தடவை பார்த்தவன் நான். இப்படி ஒரு நாளும் குடித்ததில்லை.

எனக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். மகன் பிரேம்குமார்தான் இந்த ஃபோனில் மைக் படத்தைக் காட்டிக் கொடுத்தான். "செய்தி வாசிக்கிறவங்க மாதிரி பேசுங்கப்பா, அதுவா எழுதிக்கும்." அப்படித்தான் பேசுகிறேன். பதற்றம் வந்தால் வாய் தன் வழிக்குப் போய்விடுகிறது.

15-10, புதன்

மெக்கானிக் வீரணன் பார்த்தான். "ரிங் தேஞ்சு போச்சு அண்ணாச்சி. ஆயில் மேல ஏறி டீசலோட சேந்து எரியுது. கெட்டியா இருபது-ஐம்பது நம்பர் ஆயில் ஊத்துங்க, கொஞ்சம் தாங்கும்."

ஆயில் கடைக்காரர் அதெல்லாம் கூடாது என்கிறார். எப்போதும் ஊற்றுகிற பதினைந்து-நாற்பதே போதுமாம். கெட்டி ஆயில் காலையில் மேலே ஏற நேரமாகுமாம், அதுவரை என்ஜின் வறட்டு வறட்டென்று உரசுமாம். டீக்கடை கருத்தப்பாண்டி, ஏதோ ஒரு பாட்டில் மருந்தைக் கலந்து விட்டால் புகையே வராது என்றான். அவன் ஓட்டுவது சைக்கிள்.

நான் லாரியில் கிளீனராக இருந்த காலத்தில் டிரைவர் குருசாமி அண்ணன் யாரையும் கேட்கமாட்டார். இரண்டு விரலுக்கு நடுவில் ஆயிலை வைத்து உருட்டிப் பார்ப்பார், அவ்வளவுதான். மலை ஏறுவதற்கு முன்னால், "வழிக்கு ஒரு டம்ளர்" என்று கோட்டுக்கு மேலேயே கொஞ்சம் ஊற்றிக்கொள்வார். நெடுந்தூரம் போனால் இன்றைக்கும் நான் அதைச் செய்யாமல் வண்டியை எடுப்பதில்லை.

18-10, சனி

பிரேம்குமார் திருப்பூரிலிருந்து பேசினான்.

"ஆயில் குடிச்சிட்டு ஓடுற வண்டி எதுக்குப்பா? கிறிஸ்துமஸுக்கு வாரேன். அப்பவும் குடிச்சா பழைய இரும்புக்குப் போட்டுருவோம். வழியில நின்னு போச்சுன்னா, இந்த வயசுல யாரு தள்ளுவா?"

மனைவி கிருபாபாய் பக்கத்தில் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். 

இவளுக்கு இடுப்பு சரியில்லை, பஸ் படி ஏற முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற இவள் அக்கா பரிபூரணத்துக்கு முழங்கால் மடங்காது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து இந்த வண்டியில் போய்த்தான் அக்காளும் தங்கையும் முகம் பார்க்கிறார்கள். வண்டி போனால் அதுவும் போச்சு. இதை இவனுக்கு எப்படிச் சொல்ல?

22-10, புதன்

குருசாமி அண்ணன் மாதிரியே கடையில் இரண்டு ஆயிலையும் விரலில் உருட்டிப் பார்த்தேன். இருபது-ஐம்பதுதான் விரலை விட்டுப் போகமாட்டேன் என்று நின்றது. பழையதை வடித்துவிட்டு அதையே ஊற்றச் சொன்னேன். கடைக்காரர் கூடாதென்று தலையை ஆட்டினார். ஆட்டட்டும்.

27-10, திங்கள்

நம்பவே முடியவில்லை. ஆயில் குறையவில்லை!

தினமும் காலையில் பார்க்கிறேன். மேல்கோட்டிலேயே நிற்கிறது. நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்த பிறகும் அதே கோடு. மூன்று தடவை துடைத்துப் பார்த்தேன்.  ரிங் தேய்ந்த வண்டி குடியை நிறுத்துமா? நிறுத்தியிருக்கிறதே!

3-11, திங்கள்

இன்றும் அதே கோடு. டீக்கடையில் சொன்னேன். கருத்தப்பாண்டி சிரிக்கிறான்.

"புகை மட்டும் கொசு மருந்து வண்டி கணக்கா வருதே அண்ணாச்சி. நேத்து நீங்க போன பொறவு ஒரு கொசு இல்ல."

"ஏலே, கம்பி பொய் சொல்லுமா?"

ஆயில் கடைக்காரரிடமும் சொன்னேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி எதையோ அடுக்க ஆரம்பித்தார். தோற்றவர் முகம் காட்டமாட்டார்.

பிரேம்குமாருக்கு ஃபோன் போட்டு, "குடி நின்னு போச்சுடா" என்றேன்.

8-11, சனி

பிளவக்கல் அணையில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறதாம். பார்க்க வேண்டும் என்று பரிபூரணம் மதினிக்கு ஆசை. நாளை கூட்டிப்போகிறேன்.

9-11, ஞாயிறு

இன்னைக்குப் பொழச்சதே பெருசு.

மதினி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பி எடுத்தேன். என்ஜின் நிற்கவில்லை. சாவி என் கையில் இருக்கிறது — என்ஜின் ஓடுகிறது! அதுவும் தானாகவே வேகம் ஏறுகிறது. நான் ஆக்சிலேட்டரில் காலே வைக்கவில்லை. பிசாசு பிடித்தது மாதிரி ஒரு கத்து. தெருவே தெரியாத அளவுக்குப் புகை. புகைக்குள் மதினி கம்பை ஊன்றிக்கொண்டு வண்டியைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்.

"குதிங்க, குதிங்க" என்று யாரோ கத்தினார்கள்.

"ஏட்டி கிருபா, இறங்கு!"

"நீங்க இறங்காம நான் இறங்கமாட்டேன்."

அந்த நேரத்திலா இப்படி ஒரு பதில்!

குருசாமி அண்ணன் லாரி ஒரு தடவை புளியரை இறக்கத்தில் இப்படிக் கத்தியது. என்ஜின் தன் ஆயிலையே டீசலாக உறிஞ்ச ஆரம்பித்தால் சாவிக்கு அடங்காது. அவர் அன்றைக்குச் செய்தது கண்முன் வந்தது. நாலாவது கியரில் போட்டேன். பிரேக்கில் ஏறி நின்றேன். கிளட்சைச் சட்டென்று விட்டேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது.

காதுக்குள் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

சூடு ஆறட்டும் என்று செத்த நேரம் விட்டு, ஆயில் கம்பியை இழுத்தேன். கோட்டைத் தாண்டி விரல் நீளத்துக்கு ஆயில். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. "வழிக்கு ஒரு டம்ளர்தானே ஊத்துனேன்? இம்புட்டு எப்படி ஏறும்?"

கிருபாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் ஊத்துனீங்களா?" என்றாள்.

நீங்களும்?

"நீங்க குளிக்கையில நானும் ஊத்துனேன். தூரமா போறோமே, நீங்க மறந்திருப்பீங்கன்னு ஒரு டின் முழுசா."

"என்னைக்குமே நீ ஊத்துனதில்லையே!"

"தினமும்தான் ஊத்துறேன். நீங்க சாயங்காலம் டீக்கடைக்குப் போனதும். நீங்க பாக்கிற கோடு வரைக்கும்."



10-11, திங்கள்

அப்போ நான் பாத்துப் பாத்து வாங்குன ஆயில் ஒண்ணுமே செய்யலையா?

12-11, புதன்

இரண்டு நாள் இவளிடம் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. எதை எடுத்துப் பேசுவது என்று தெரியவில்லை. என்ஜினை மூடுகிற அந்த பானட் சும்மா திறக்காது, இடது ஓரத்தில் கையால் ஒரு குத்து விட வேண்டும். வீரணனுக்கே நான்தான் காட்டிக்கொடுத்தேன். அதை எப்படித் திறந்தாய் என்றுதான் இன்று முதலில் கேட்டேன்.

"முப்பது வருசமா ஜன்னல்ல நின்னு பாக்கேன்ல" என்றாள்.

ஆயில் கடைக்காரர்தான் இவளுக்கு டின் கொடுத்திருக்கிறார். பதினைந்து-நாற்பது. சொல்ல வேண்டாம் என்று இவள் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவர் அன்றைக்குத் திரும்பி நின்றது சிரிப்பை அடக்கத்தான்!

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னட்டி?"

"சொன்னா நீங்க பிரேம்கிட்ட பொய் சொல்லணும். உங்களுக்குப் பொய் வராது. தெரியாம இருந்தா தைரியமா பேசுவீங்க. பேசுனீங்கல்ல?"

பேசினேன். ஊர் முழுக்கப் பேசினேன்.

வீரணன் வந்து எல்லாவற்றையும் வடித்துப் பார்த்தான். என்ஜின் தப்பித்தது. "கெட்டியோ இளசோ, அது குடிக்கிறதைக் குடிக்கும் அண்ணாச்சி. ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா போதும். மேல போகவே கூடாது. அந்த வழிக்கு ஒரு டம்ளரை மட்டும் ரெண்டு பேரும் விட்டுருங்க."

சாயங்காலம் பிரேம்குமார் பேசினான். நடந்ததைச் சொன்னேன்.  "கிறிஸ்துமஸ் வரைக்கும் எதுக்குப்பா? நாளைக்கே இரும்புக்கடை ஆளை அனுப்புறேன்" என்றான். கிருபாபாய் ஃபோனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"ஆள் வந்தா நான் வண்டிக்குள்ள உக்காந்திருப்பேன். என்னையும் சேத்து எடை போடச் சொல்லு."

அவன் ஏதோ சொன்னான். இவள் கேட்டுவிட்டு, "குடிச்சா குடிக்கட்டும், நாங்க ஊத்திக்கிடுதோம்" என்று வைத்துவிட்டாள்.

13-11, வியாழன்

ஆள் யாரும் வரவில்லை.

24-11, திங்கள்

பதினைந்து-நாற்பதே ஊற்றியிருக்கிறோம். இவள் ஒளித்து வைத்திருந்த டின் இப்போது அரிசி டப்பாவுக்குப் பின்னால் இல்லை, வாசல் ஜன்னலில் எல்லோரும் பார்க்க இருக்கிறது. நேற்று மதினியைப் பிளவக்கல் கூட்டிப்போய் வந்தோம்.

இன்று காலையில் கம்பியை இழுத்தேன். குறைந்திருந்தது. கம்பி மறுபடி நிஜம் சொல்கிறது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்றால் யார் நம்புவார்கள்?

"ஏட்டி கிருபா, கொறஞ்சிருக்கு!"

"எம்புட்டு?"

"அரை டம்ளர்."

டின்னை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் தள்ளி நின்றேன். பானட்டின் இடது ஓரத்தில் அவளே ஒரு குத்து விட்டாள்.