மணிச் சத்தமும் மதுராவும்

1998 யூன், செவ்வாய் இரவு

இன்று பள்ளிக்கூடத்தில் குண்டு வெடித்தால் எப்படி வெளியேறுவது என்று ஒத்திகை. மணி விடாமல் அடித்தது. என் வகுப்பு மதுராவுக்கு ஓட்டிசம். திடீர்ச் சத்தம் தாங்கமாட்டாள். மேசைக்குக் கீழே கிடந்து கத்தினாள். ஒத்திகை என்றால் முதலே சொல்லுங்கள் என்று பள்ளிக்கூட அதிபரிடம் இரண்டு முறை கேட்டிருந்தேன். மனுசன் சொல்லவில்லை.

"மற்றப் பிள்ளையள் பயப்பிடுதுகள். இவளின்ர பேரை இடாப்பிலையிருந்து வெட்டுங்கோ, டீச்சர்," என்றார் அதிபர்.

"இப்ப கொழும்பிலை பயமில்லாத ஆள் ஆர், சேர்?"

அவர் திரும்பித் தன் அறைக்குப் போனார்.

செய்தி கேட்டு வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து ஓடிவந்த மதுராவின் தாய், "நாளைக்குக் கூட்டிக்கொண்டு வரவேண்டாமோ, டீச்சர்?" என்று அழுதாள்.

"கட்டாயம் வாங்கோ."

கோபம் இன்னும் அடங்கவில்லை. பிள்ளைகளின் பெயர் எழுதிய வகுப்பு இடாப்பு என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கு முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிடுவேன்.