சிவாஜிநகரில் நீ இல்லாமல் எடுத்த படம்

இன்றைக்குக் காலையில் ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணிவிட்டேன்டா. மாரிகுப்பத்தில் வண்டி ஏறியதும் ஜன்னலோர சீட்டில் என் கர்சீப்பைப் போட்டேன். அடுத்த ஸ்டேஷன் சாம்பியனில் நீ ஏறுவாயே, உனக்காக. பதினோரு வருஷப் பழக்கம். நீ செத்து, புத்த விகாரில் உனக்குக் கடைசி வந்தனை சொல்லி ஒரு மாதம் ஆகிறது. எதிரே சீட்டாடிக்கொண்டிருந்த நம்ம செட்டு பார்த்துவிட்டு, மறுபடி சீட்டுக்கே குனிந்துகொண்டது. பங்காரப்பேட்டையில் கூட்டத்தோடு ஏறிய ஒரு அம்மா, "ஆள் வர்றாங்களாப்பா?" என்று கேட்டார். "இல்லம்மா, உட்காருங்க" என்று சொல்லி கர்சீப்பை எடுத்துக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பப் பிடிக்கவில்லை. நாம் சனிக்கிழமைகளில் போனில் படம் எடுக்கப் போவது போல கண்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து சிவாஜிநகருக்கு நடந்தேன். அந்தச் சந்தடியில் நீ தேடியதெல்லாம் சத்தமில்லாத முகங்கள். பூக்காரம்மா கூடையை இறக்கிவிட்டுத் தன் காலைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் நேரம். சவாரி இல்லாத ஆட்டோக்காரர் வெறுமனே ரோட்டைப் பார்க்கும் நேரம். "இன்னாடா கீது இதுல? ஒண்ணுமே நடக்கலியே" என்று கிண்டல் பண்ணுவேன். "நடந்து முடிஞ்சிடுச்சுடா. இப்போதான் அவங்க அவங்களா கீறாங்க" என்பாய்.

எடுத்ததும் அவர்களிடமே போய்க் காட்டுவாய். வேணாம் என்றால் அங்கேயே அழித்துவிடுவாய். நான் எடுத்ததற்கும் நீதான் போய்ப் பேசினாய். "எத்தினி நாளைக்குடா உனுக்கு நானே வக்கீலு?" என்று திட்டிக்கொண்டே போவாய். நீ போனதிலிருந்து நான் படமே எடுக்கவில்லை. போய்க் கேட்க எனக்கு வாய் வராது.

இன்று பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர், மடியில் காலி டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தார். மூன்று பஸ் வந்து போயும் எழவில்லை. என்னையறியாமல் எடுத்துவிட்டேன். அழித்துவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அழிக்காமல் போய்க் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "இப்படியா உக்காந்திருந்தேன்?" என்றார். பிறகு, "இத யாருக்குக் காட்டுவே?"

"ஒருத்தன் இருந்தான் ஐயா. இப்போ யாருமில்ல."

"அப்போ எனக்கு அனுப்பு. நான் பாக்கறேன்."

நம்பர் வாங்கி அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமையும் போவேன்டா, நானே கேட்பேன். ஆனால் அவர் பஸ் ஏறியதும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ இருந்திருந்தால் என்னை ஒரு படம் எடுத்திருப்பாய்.